ஆய்வேட்டை 40 நிமிட உரையாடலில் பொதுவாசகரிடம் சொல்வது எப்படி?

சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் முடித்திருக்கிறீர்கள். பொதுநேயர்களுக்கான ஒலி உரையாடல் நிகழ்ச்சி ஒன்றில் 40 நிமிடம் பேச அழைப்பு வந்திருக்கிறது. "ஆய்வேட்டை எந்த அளவுக்கு எளிமைப்படுத்தலாம்? எளிமைப்படுத்தினால் நீர்த்துப்போகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஐந்து ஆண்டு உழைப்பில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது ஒன்று. நிகழ்ச்சியைக் கேட்ட சக ஆய்வாளர் நாளைக்கு எதிரில் வந்தால் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியுமா என்பது இன்னொன்று. இலக்கிய, பண்பாட்டு ஆய்வாளர்களோடு இப்படிப்பட்ட உரையாடல்களைத் திட்டமிடுவதும் பதிவு செய்வதும் தொகுப்பதும் என் தொழில். அதில் தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன். காணொளிக்கும் மேடைப் பேச்சுக்கும் வேறு நியாயங்கள் உண்டு. இந்தப் பதில் காதால் கேட்கும் உரையாடலுக்கு மட்டும்.

முதலில், எளிமைப்படுத்துவது என்ற எண்ணத்தையே ஒதுக்கிவையுங்கள். ஆய்வேட்டைச் சுருக்கிச் சொல்ல முயலும் உரையாடல்கள்தான் பெரும்பாலும் தோற்கின்றன. ஐந்து இயல்களையும் இயலுக்கு எட்டு நிமிடமாகப் பிரித்துக்கொண்டு வருபவர், ஒவ்வொன்றிலும் முடிவை மட்டுமே சொல்ல முடியும். முடிவு மட்டும் வந்தால் நேயர் நம்பலாம் அல்லது நம்பாமல் போகலாம். யோசிக்க அவரிடம் ஒன்றும் இருக்காது. நீர்த்துப்போவது அங்கேதான். சொற்கள் எளிதாக இருப்பதால் ஓர் ஆய்வு நீர்த்துப்போவதில்லை. சான்று காணாமல் போனால் நீர்த்துப்போகும். ஆகவே ஓர் இயலை எடுங்கள், அதிலும் ஒரே ஒரு சான்றை எடுங்கள். அது ஒரு பாடலாக இருக்கலாம், ஓர் அடிக்குறிப்பாக, பழைய பதிப்பின் முகவுரையாக, ஒரு கல்வெட்டு வரியாக இருக்கலாம். அதை நேயர் முன் வைத்து, நீங்கள் அதை எப்படிப் படிக்கிறீர்கள் என்று காட்டுங்கள். மற்ற நான்கு இயல்கள் உங்கள் பதில்களின் பின்னணியில் தாமாகவே வந்து நிற்கும்.

சான்றைத் தேர்ந்தெடுக்க மூன்று சோதனைகள் போதும். ஒரு நிமிடத்துக்குள் வாய்விட்டுப் படித்து முடிக்கக்கூடியதா? நேயருக்கு அதில் ஏற்கெனவே ஏதாவது ஒரு பிடி இருக்கிறதா? முதல் தடவை கேட்டபோது தோன்றிய பொருள் உங்கள் விளக்கத்துக்குப் பிறகு மாறுகிறதா? மூன்றாவதுதான் முக்கியம். மாறவில்லை என்றால் உரையாடலுக்கு ஆய்வாளரே தேவையில்லை. பாடலையும் பொழிப்புரையையும் யார் வேண்டுமானாலும் படித்துவிட முடியும்.

எல்லாருக்கும் தெரிந்த புறநானூற்று 192ஆம் பாடலையே எடுத்துக்கொள்வோம். "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற தொடக்கம் தெரியாதவர் குறைவு. பாடல் 13 அடிகள் கொண்டது என்பது தெரிந்தவர்களும் குறைவு. இதை வைத்துப் பேசும் ஓர் ஆய்வாளர் வழக்கமாக இப்படித் தொடங்குவார்: "சங்கப் பாடல்களில் வெளிப்படும் உலகளாவிய அறவியல் கருத்தாக்கங்கள் பன்முகத்தன்மை வாய்ந்தவை என்பதை இப்பாடல் நிறுவுகிறது." இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கேட்பவர் கையில் எதுவும் வந்து சேரவில்லை. அதே ஆய்வாளர் இப்படிச் சொல்லலாம்: "இந்தப் பாட்டோட முதல் அடி நம்ம எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் இன்னும் பன்னெண்டு அடி இருக்கு. அதுல ஒரு பெரிய ஆறு வருது. மழை பெஞ்சு, பாறையில மோதி சத்தம் போட்டுக்கிட்டு ஓடற ஆறு. அதுல ஒரு தெப்பம் போகுது. அந்தத் தெப்பம் தண்ணி போற வழியில போற மாதிரி உயிரும் முறைப்படி போகுதுன்னு புலவர் சொல்றார். அதைப் புரிஞ்சுக்கிட்டதால பெரியவங்களைப் பார்த்து நாங்க வியக்கறதில்லை, சின்னவங்களை இகழறது அதைவிடவும் இல்லைன்னு முடிக்கிறார். இப்ப முதல் அடியைத் திரும்பப் படிக்கிறேன், கேளுங்க." முதல் அடி இரண்டாம் முறை ஒலிக்கும்போது அது வாழ்த்துப் பலகையில் எழுதிய வாசகமாகக் கேட்பதில்லை, நீண்ட சிந்தனை ஒன்றின் முதல் படியாகக் கேட்கிறது. ஒன்றரை நிமிடத்தில் ஒரு வாசிப்பு நடந்துவிட்டது, நேயரும் அதில் கலந்துகொண்டார். இதற்குப் பிறகு "இதுக்கும் ஊழ் பத்தின நம்பிக்கைக்கும் என்ன தொடர்பு?" என்று நெறியாளர் கேட்டால், உங்கள் மூன்றாம் இயலுக்கே போகலாம், நேயரும் கூடவே வருவார்.

பாடலைப் படிக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பலரும் இடறுகிறார்கள். சீர் பிரித்த யாப்பு வடிவத்தைப் பார்த்துப் படித்தால் சொற்கள் வெட்டுப்பட்டு ஒலிக்கும், பொருள் போய்விடும். சந்தி பிரித்த பாடத்தை 14 புள்ளி எழுத்தில் தனித்தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். மூச்சு விட வேண்டிய இடத்தில் கோடு போடுங்கள். முதலில் பாடலைப் படித்து, பிறகு பேச்சுமொழியில் பொருள் சொல்லி, மறுபடியும் பாடலைப் படியுங்கள். இரண்டாம் வாசிப்பைத் தவிர்க்காதீர்கள். முதல் தடவை ஓசை மட்டுமே காதில் விழும். இரண்டாம் தடவைதான் சொற்கள் விழும். மேடையில் பாடும் குரலில் படிக்க வேண்டியதில்லை. 40 நிமிடத்தில் இப்படி இரண்டு பாடல்கள் போதும். மூன்றாவது பாடல் வந்தால் முதல் பாடல் மறந்துபோகும்.

பேச்சுத்தமிழா எழுத்துத்தமிழா என்று தயங்குபவர்கள் நிறைய. பேச்சுத்தமிழில் பேசுங்கள், மேற்கோளை மட்டும் எழுத்துத்தமிழில் படியுங்கள். இரண்டுக்கும் நடுவே குரல் மாறுவதே மேற்கோள்குறியின் வேலையைச் செய்துவிடும். எழுத்துத்தமிழில் பேசினால் மதிப்பு கூடும் என்று நினைத்துத் தொடங்குபவர்கள் பத்தாவது நிமிடத்தில் தாமாகவே பேச்சுக்கு வந்துவிடுவார்கள்; தொகுக்கும்போது இந்த இரண்டு நடைகளையும் ஒட்டவைக்க முடியாது. தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் கடைசியில்தான் வருகிறது. "பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதாகச் சிலரால் கருதப்பட்டு வந்த இந்த அடிகள் உண்மையில் அவ்வாறு சேர்க்கப்பட்டவை என்று கொள்வதற்கு இடமில்லை" என்று சொன்னால், 'இடமில்லை' வரும்வரை நேயர் எதிர்ப்பொருளையே மனதில் சுமந்துகொண்டிருப்பார். படிப்பவர் பின்னால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. "இந்த அடிகள் பிற்சேர்க்கை இல்லை. சிலர் அப்படி நினைச்சாங்க. ஏன் நினைச்சாங்கன்னு சொல்றேன்" என்று மூன்றாக உடைத்துவிடுங்கள். ஒரு வாக்கியம் பத்துப் பன்னிரண்டு சொற்களைத் தாண்டினால் அதை உடைக்க முடியுமா என்று பாருங்கள். கலைச்சொற்களில் உரையாடலுக்கு இரண்டு போதும். பொருளை முதலில் சொல்லி, பெயரைப் பிறகு சொல்லுங்கள்: "காதல் பாட்டுல இடம், பொழுது, பூ, பறவை எல்லாத்தையும் ஒரு மனநிலையோட சேர்த்து வச்சிருந்தாங்க, அந்த ஏற்பாட்டுக்குத்தான் திணைன்னு பேரு." பெயரை முதலில் சொன்னால் நேயர் அந்தச் சொல்லிலேயே நின்றுவிடுவார், பின்னால் வரும் விளக்கம் அவரைத் தாண்டிப் போய்விடும்.

சக ஆய்வாளரின் முகம் பற்றிய கவலைக்கு வருகிறேன். அதைத் தீர்க்கும் வழி, எவ்வளவு உறுதியோடு சொல்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகச் சொல்வதுதான். கட்டுரையில் அடிக்குறிப்பு செய்கிற வேலையைப் பேச்சில் சில தொடர்கள் செய்ய வேண்டும். அவற்றை முன்கூட்டியே உங்கள் வாய்க்குப் பழக்கிக்கொள்ளுங்கள். 192ஆம் பாடலிலேயே காட்டுகிறேன். பாடலின் அடிகள், புலவர் பெயர் கணியன் பூங்குன்றனார் என்ற குறிப்பு, திணை (புறப்பாடல்களில் பாட்டின் பொருள்வகை) பொதுவியல், துறை (அதன் உட்பிரிவு) பொருண்மொழிக்காஞ்சி என்ற குறிப்பு, 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தது இவையெல்லாம் கண்முன் இருப்பவை. "இது பதிப்புலேயே இருக்கு, யாரும் பார்க்கலாம்" என்று சொல்லலாம். திணை, துறைக் குறிப்புகள் பாடலோடு பிறந்தவை அல்ல, தொகுத்தவர்களோ பின்வந்தவர்களோ சேர்த்தவை என்பது பெரும்பாலோர் ஏற்கும் முடிவு; "ஆய்வாளர்கள்ல பெரும்பாலானவங்க இப்படித்தான் எடுத்துக்கறாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது" என்று சொல்லுங்கள். பாடலின் காலமும், அதன் ஊழ்க்கருத்துக்கு ஆசீவகம் என்ற பழைய சமயநெறியோடு தொடர்பு உண்டா என்பதும் வாதம் முடியாத விஷயங்கள். "இதுல இன்னும் ஒத்த கருத்து வரல, நான் இந்தப் பக்கம் நிக்கறேன், காரணம் இது" என்று சொல்லுங்கள். இப்படிப் பேசினால் நேயர் குழம்பிவிடுவாரோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. குழம்பமாட்டார். எல்லாவற்றையும் ஒரே உறுதியோடு சொல்பவரிடம்தான் நம்பிக்கை குறையும். ஆனால் எல்லா வாக்கியத்துக்கும் "ஒருவகையில்", "ஓரளவுக்கு", "என்று கூட சொல்லலாம்" என்று வேலி போடுவது வேறு விஷயம். அது எந்த இடத்தில் ஐயம் என்பதையே மறைத்துவிடும்.

ஐயத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். இன்று எந்த உரையாடலும் முழுதாக மட்டும் பரவுவதில்லை. ஒரு நிமிடத் துண்டுகளாகவும் பரவுகிறது. உறுதியான கூற்றை ஒரு வாக்கியத்திலும் வரையறையை நாலு வாக்கியம் தள்ளியும் சொன்னால், துண்டில் முதல் வாக்கியம் மட்டும் இருக்கும். அதைப் பார்த்துத் திட்டுபவர்கள் முழு நிகழ்ச்சியைத் தேடிக் கேட்கமாட்டார்கள். ஆகவே வரையறையைக் கூற்றுக்கு முன்னாலேயே, அதே வாக்கியத்துக்குள் வையுங்கள். "கிடைச்ச சுவடிகளை மட்டும் வச்சுப் பார்த்தா, இந்தப் பாடம் பிந்தியது" என்று சொன்னால், வெட்டுபவரால் அந்த முன்பகுதியை எடுக்க முடியாது. சாதி, சமயம், மொழிப்பழமை தொடர்பான கூற்றுகளுக்கு இதைக் கட்டாயமாகக் கடைப்பிடியுங்கள்.

நெறியாளரோடு முன்கூட்டியே பேசுவது அவசியம், ஆனால் அதற்கும் அளவு உண்டு. பதிவுக்கு ஒரு வாரம் முன்பு 20 முதல் 30 நிமிடத் தொலைபேசிப் பேச்சு போதும். எந்தப் பாடல், எந்த வரிசை, எதைத் தொட வேண்டாம் என்பதை முடிவு செய்யுங்கள். பதில்களைச் சொல்லிப் பார்க்காதீர்கள். ஒருமுறை அழகாகச் சொன்ன பதில் இரண்டாம் முறை ஒப்பிப்பதாக வரும். "போன வாரம் சொன்ன மாதிரி" என்ற தொடரும் கூடவே வந்துவிடும். அவருக்கு இரண்டு பக்கம் அனுப்புங்கள். முதல் பக்கத்தில், ஆய்வின் மையக் கேள்வி 100 சொற்களில், நீங்கள் எதிர்பார்க்கும் ஐந்து கேள்விகள், பெயர்களையும் ஊர்களையும் உச்சரிக்கும் விதம். இரண்டாம் பக்கத்தில் பாடலின் சந்தி பிரித்த பாடம், பதிப்பு விவரத்தோடு. நெறியாளரிடம் ஒரு வேண்டுகோளும் வையுங்கள்: எங்காவது "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கச் சொல்லுங்கள். மரியாதை கருதித் தமிழில் இந்தக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை, "அருமையா சொன்னீங்க ஐயா" என்று அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். ஆய்வு என்ற ஒன்று வெளியே தெரிவது இந்தக் கேள்விக்கான பதிலில்தான். பிபிசி ரேடியோ 4இல் 1998இல் தொடங்கிய 'இன் அவர் டைம்' நிகழ்ச்சியின் அமைப்பைக் கவனித்தால் இது விளங்கும்: வழக்கமாக மூன்று பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கிட்டத்தட்ட முக்கால் மணி நேரத்துக்கு ஒரே பொருள், அவர்கள் நழுவினால் இழுத்துப்பிடித்துக் கேட்கும் நெறியாளர்.

நேரக்கணக்கு இப்படி: 40 நிமிட நிகழ்ச்சிக்கு 60 முதல் 70 நிமிடம் பதிவு செய்யுங்கள். ஒரு பதில் இரண்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் அது உரையாக மாறிவிடும், நெறியாளர் குறுக்கிடவும் தயங்குவார். முதல் ஐந்து நிமிடத்துக்குள் பாடல் ஒலிக்க வேண்டும். இதைக் கெடுப்பது பெரும்பாலும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்ற தொடக்கமும், அதற்கு வழிகாட்டி, துறை, முன்னாய்வுகள் என்று நீளும் பதிலும். முன்னாய்வுகளின் பட்டியல் ஆய்வேட்டின் முதல் இயலுக்கு உரியது. ஓர் ஆய்வாளரின் கருத்தோடு நீங்கள் முரண்படுகிற இடம் வரும்போது மட்டும் அவர் பெயரைச் சொல்லி, அவர் ஏன் அப்படிக் கருதினார் என்பதை நியாயமாக ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

சில கேள்விகள் நிச்சயம் வரும். "இன்றைய காலத்துக்கு இது எப்படிப் பொருந்தும்?" என்பது ஒன்று. பொருந்தியே ஆக வேண்டும் என்று வலிந்து இழுக்காதீர்கள். "நேரடியா பொருந்தாது, ஆனா இந்த விஷயத்துல நம்மகிட்டயிருந்து எவ்வளவு வேறா யோசிச்சாங்கன்னு பாருங்க" என்பதும் முழுமையான பதில்தான். "எதுதான் சரியான பொருள்?" என்று கேட்டால், எல்லாப் பொருளும் சரிதான் என்று தப்பிக்க வேண்டாம். எந்த வாசிப்புக்குப் பாடலில் சான்று அதிகம், எதற்குக் குறைவு என்று சொல்லுங்கள். மூன்றாவது வகை, தவறான நம்பிக்கை கேள்வியாக வருவது. "பழைய நூல்களையெல்லாம் உ.வே.சா. ஒருத்தர்தானே காப்பாத்தினார்?" என்று கேட்டால், உடனே மறுத்தால் கேட்டவர் காயப்படுவார், நேயர்களில் பாதிப்பேரும் அவரோடு சேர்ந்து காயப்படுவார்கள். அதில் உண்மையாக இருப்பதை முதலில் சொல்லுங்கள்: 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று அவர் செய்தது பேருழைப்பு. பிறகு விட்டுப்போனதைச் சேருங்கள்: அதே 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர் சி.வை. தாமோதரம் பிள்ளை, அதற்கு முன்பே 1881இல் வீரசோழியத்தையும் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கொண்டுவந்திருந்தார். யாரையும் இறக்காமல் இன்னொருவரைச் சேர்ப்பதால் செய்தி எளிதாக உள்ளே போகும்.

பதிவு பற்றிச் சுருக்கமாக. இருவரும் வெவ்வேறு இடத்தில் இருந்தால், இணைய அழைப்பின் ஒலியை மட்டும் நம்பாமல், ஒவ்வொருவரும் தம் குரலைத் தம் பக்கத்திலேயே தனிக் கோப்பாகப் பதியுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் வடிவம். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுச் சாய்வாக இருக்கட்டும். ப, ட ஒலிகளின் அடி குறையும். உரத்துப் பேசும்போது அளவுமானி -12 டெசிபல் அருகே நிற்கும்படி வையுங்கள். பாடல் படிக்கும்போது குரல் உயரும், அதனால் பாடலைப் படித்தே சோதியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், துணியும் புத்தகமும் நிறைந்த சிறிய அறை, வெறுஞ்சுவருள்ள பெரிய அறையைவிட நல்லது. முடிந்ததும் யாரும் பேசாமல் 30 விநாடி அறையின் ஒலியைப் பதியுங்கள்; வெட்டிய இடங்களை மறைக்கத் தொகுப்பவருக்கு அது வேண்டும். இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து, மறுநாள் கேட்டுப் பாருங்கள். உங்கள் வேகம் கூடுதலா குறைவா என்பது அப்போது தெரியும், பதிவன்று தெரியாது.

உரிமைகளில் இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். சங்கப் பாடலைப் படிக்க யாரிடமும் அனுமதி வேண்டாம். தற்கால உரையாசிரியரின் உரையையோ நவீனக் கவிதையையோ முழுமையாகப் படிப்பது வேறு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை நீடிக்கிறது. திறனாய்வுக்காகச் சில வரிகளை மேற்கோள் காட்ட அதே சட்டம் இடம் தருகிறது. களப்பணியில் மக்களிடம் பேசிச் சேகரித்த செய்திகளை வைத்து ஆய்வு செய்திருந்தால், ஆய்வேட்டுக்காக அவர்கள் தந்த ஒப்புதல் ஒலிபரப்புக்கும் செல்லும் என்று கொள்ளாதீர்கள். மறுபடி கேளுங்கள், முடியாவிட்டால் பெயரையும் ஊரையும் விடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு பயன் இருக்குமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், ஓரளவுக்குமேல் அளக்க முடியாது என்பதுதான். பதிவிறக்க எண்ணிக்கை கோப்பு போய்ச் சேர்ந்ததைக் காட்டும், கேட்டதைக் காட்டாது. எந்த நிமிடத்தில் விலகினார்கள் என்பதைச் சில தளங்கள் காட்டும். அங்கே என்ன நடந்தது என்று கேட்டுப் பார்ப்பது உதவும். ஒருவரின் வாசிப்பு மாறியதா என்பதற்கு எந்த எண்ணும் இல்லை. பின்னூட்டத்தில் "அந்தப் பாடலை எந்தப் பதிப்பில் படிக்கலாம்?" என்று நான்கு பேர் கேட்டால், "அருமை" என்று நானூறு பேர் எழுதுவதைவிட அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வேன். அந்த நால்வருக்காகவே நிகழ்ச்சிக் குறிப்பில் பாடல் எண், பதிப்பு, முழுப் பாடம் மூன்றையும் கொடுங்கள். எழுத்துவடிவமும் இருந்தால் காது கேளாதவர்களுக்கும் தேடிப் படிப்பவர்களுக்கும் பயன்படும். தானாக எழுத்தாக்கும் மென்பொருள் சங்கப் பாடல் வரிகளைச் சிதைத்துவிடும், அந்தப் பகுதிகளை நீங்களே தட்டச்சு செய்துகொடுங்கள்.

தொகுத்த ஒலியை வெளியிடுமுன் கேட்கும் உரிமையை முதலிலேயே எழுத்தில் கேட்டுவையுங்கள். கேட்கும்போது ஆண்டு, பெயர், பாடல் எண், வெட்டியதால் தலைகீழான பொருள் ஆகியவற்றை மட்டும் நிமிடக் குறிப்போடு சொல்லுங்கள். தடுமாற்றத்தையும் இருமலையும் விட்டுவிடுங்கள். வெளியான பிறகு பிழை தெரியவந்தால் நிகழ்ச்சிக் குறிப்பின் முதல் வரியிலேயே திருத்தத்தைத் தேதியோடு போடச் சொல்லுங்கள். பின்னூட்டத்தின் நடுவில் போட்டால் அடுத்து வருபவர் கண்ணில் படாது.